ஏக்கருக்கு 60 ரூபாய் கட்டுமா?

கேள்வி: ட்ரோன் ஓட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டேன். சொந்த ட்ரோன் இல்லை. மன்னார்குடி பக்கம் ட்ரோனை வாடகைக்கு விடும் ஒருவர், சம்பா சீசனுக்கு மருந்தடிக்க வரச் சொல்கிறார். ஏக்கருக்கு 60 ரூபாய் என்கிறார். நாள் சம்பளமாகக் கேட்டால் எவ்வளவு கேட்பது நியாயம்? (திருவாரூர் மாவட்ட வாசகர், வயது 24)

பதில்: நாள் சம்பளமாகவே கேளுங்கள் தம்பி. ஏக்கர் கணக்கு உங்களுக்குக் கட்டாது.

"ஒரு ஏக்கருக்கு எட்டு நிமிஷம், ஒரு நாளில் 30 ஏக்கர் அசால்ட்டா முடிக்கலாம், 1,800 ரூபாய் ஆச்சு" என்று சொல்லியிருப்பார். அந்த எட்டு நிமிடம் ட்ரோன் மேலே பறக்கிற நேரம் மட்டும்தான். நம் பக்கம் வயல் எப்படிக் கிடக்கிறது? இங்கே ரெண்டு மா நிலம், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அரை ஏக்கர். ஒவ்வொரு இடத்துக்கும் பேட்டரி, ஜெனரேட்டர், தண்ணீர் கேன் எல்லாம் வரப்பில் நடந்தே போக வேண்டும். தூள் மருந்தை வடிகட்டாமல் ஊற்றினால் நாசில் அடைத்துக்கொள்ளும், அதைக் கழற்றிக் கழுவ அரை மணி நேரம். வெயில் ஏறினால் காற்றும் ஏறும், ட்ரோனை இறக்கிவிட்டு மாலை வரை மரத்தடியில் உட்கார வேண்டியதுதான். கடைசியில் 15 ஏக்கர் தேறினால் பெரிது. கையில் 900 ரூபாய்.

ஏக்கர் கணக்குக்கு ஒத்துக்கொள்ள ஒரே ஒரு இடம் உண்டு. நிலம் துண்டு துண்டாக இல்லாமல் ஒரே தாக்காக 20 ஏக்கருக்கு மேல் இருக்க வேண்டும். ஒரே வயதுப் பயிராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் மருந்து மாறும், டேங்க்கைக் கழுவ வேண்டும். வண்டி வயலோரம் வரை வர வேண்டும். மருந்து கலக்க ஒரு ஆளும் பேட்டரி சார்ஜ் போட ஒரு ஆளும் அவர் செலவில் இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தாலும், "எத்தனை ஏக்கர் ஆனாலும் நாளுக்கு இவ்வளவுக்குக் குறையாது" என்று ஒரு தொகையை எழுதி வாங்குங்கள். டெல்டாவில் இப்படி ஒரு தாக்கு சீசனுக்கு ஒன்றிரண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

சரி, நாளுக்கு எவ்வளவு? அடுத்த ஊர்ப் பையன் என்ன வாங்குகிறான் என்பதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். அவனும் இப்படித்தான் ஏமாந்திருப்பான். வீட்டுக்கு மாதம் 22,000 வேண்டும் என்றால் வருடத்துக்கு 2,64,000. பயிற்சிக்குக் கட்டிய பணத்தில் வருடம் 10,000 திரும்ப வர வேண்டும். விபத்து, மருத்துவக் காப்பீட்டுக்கு 12,000. மொத்தம் 2,86,000. வருடம் முழுக்க வேலை இருக்காது. குறுவை, சம்பா, தாளடி எல்லாம் சேர்த்து 140 நாள் என்று வைத்தால் நாளுக்கு 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். உங்கள் வீட்டுச் செலவை வைத்து இதையே போட்டுப் பாருங்கள். பெட்ரோலும் சாப்பாடும் தனி.

வயலுக்குப் போய் நின்ற பிறகு மழை வந்தாலோ காற்று அடித்தாலோ பாதிச் சம்பளம் என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் நடக்காது.

இன்னொன்று. "சான்றிதழ் நம்பரை மட்டும் கொடு, ஓட்ட வேற பையன் இருக்கான், மாசம் ஒரு தொகை தர்றேன்" என்று புரோக்கர்கள் வருவார்கள். வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். அந்தப் பையன் ட்ரோனை ஒருவர் தலையில் இறக்கினால், தேடி வருவது உங்களைத்தான். பத்து வருடம் செல்லுபடியாகும் சான்றிதழை மாதம் இரண்டாயிரத்துக்கு அடகு வைக்காதீர்கள். பயிற்சி மையத்து ஆள் பிடிக்கிறவர்களே பாதிப் பேர் இந்த வேலையையும் பார்க்கிறார்கள். "வேலை உத்தரவாதம்" என்று பேனர் கட்டுவார்கள், அப்புறம் போனை எடுக்க மாட்டார்கள்.

ட்ரோன் விழுந்தால் சம்பளத்தில் பிடிப்பேன் என்ற பேச்சும் வரும். 2021 ட்ரோன் விதிகள் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை. அது அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கு. ட்ரோனுக்கான காப்பீடு வேறு, அதை எடுக்க வேண்டியது உரிமையாளர். அவர் பிரீமியத்தை மிச்சம் பிடித்துவிட்டு, உடைந்த இறக்கைக்கு உங்கள் கூலியில் கை வைப்பார். இரண்டு பாலிசியையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மருந்தையும் அளவையும் விவசாயி சொன்னபடி கலந்தது என்று அந்த விவசாயியிடமே வாட்ஸப்பில் ஒரு வரி வாங்கி வையுங்கள். பயிர் கருகினால் முதல் பழி உங்கள் மேல்தான் விழும்.

மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 சதவீதம், 8 லட்சம் ரூபாய் வரை மத்திய அரசு மானியம் கொடுக்கிறது. நல்ல விஷயம். நான் போன எந்த மானியக் கூட்டத்திலும் ஓட்டுகிறவருக்கு நாளுக்கு என்ன கூலி என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேடையில் ட்ரோனைப் பறக்கவிட்டு, போட்டோ எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

உங்கள் ஆளிடம் 2,200 என்று ஆரம்பியுங்கள். 1,900 வரை இறங்கலாம், முதல் சீசன்தானே. ஆனால் பெட்ரோலையும் மழை நாள் பாதிச் சம்பளத்தையும் அந்த 1,900-க்குள் அடக்கப் பார்த்தால், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள்.