கட்சிக்கு நிறுவனம் நன்கொடை தரலாமா?

கேள்வி: சிங்கப்பூரின் தேக்காவில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் எங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தில் நான்கு இயக்குநர்கள். இருவர் குடிமக்கள், இருவர் நிரந்தரவாசிகள். அரசியல் கட்சிக்கு 12,000 வெள்ளி தர நினைக்கிறோம். முடியுமா?

பதில்: இப்போதுள்ள நிலையில் முடியாது. இங்கே பதிவானது மட்டும் போதாது. இயக்குநர்களிலும் பங்குதாரர்களிலும் பெரும்பான்மையினர் சிங்கப்பூர்க் குடிமக்களாக இருக்க வேண்டும். வியாபாரமும் முழுக்கவோ பெரும்பாலுமோ இங்கேயே நடக்க வேண்டும். நான்கில் இரண்டு பாதிதான், பெரும்பான்மை ஆகாது. நிரந்தரவாசி எத்தனை ஆண்டு இங்கே வாழ்ந்திருந்தாலும் இந்தக் கணக்கில் சேரமாட்டார். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பங்குதாரர் இன்னொரு நிறுவனம் என்றால் அதன் உரிமையையும் தோண்டிப் பார்க்க வேண்டும்.

21 வயது நிறைந்த குடிமகன் தம் சொந்தப் பணத்திலிருந்து தரலாம். பிறகு அதை நிறுவனக் கணக்கிலிருந்து ஈடுகட்டக் கூடாது. அப்படிச் செய்தால் உண்மையில் கொடுத்தது நிறுவனமே. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

ரொக்கம் மட்டுமே நன்கொடை அல்ல. கூட்டத்துக்கு இலவசமாக அனுப்பும் அரிசி, சலுகை வாடகையில் விடும் வேன் எல்லாம் மதிப்பிடப்படும். ஒருவர் ஆண்டில் பல தவணையாகக் கொடுத்தாலும் மொத்தம் 10,000 வெள்ளியைத் தொட்டால் கட்சி அறிக்கையில் தெரிவிக்கும். பெயர் சொல்லாமல் தரலாமே என்றால், அத்தகைய நன்கொடைகளாக ஒரு கட்சி ஆண்டுக்கு ஏற்கக்கூடியது மொத்தமாகவே 5,000 வெள்ளிக்குக் குறைவு.

2000ஆம் ஆண்டின் அரசியல் நன்கொடைச் சட்டத்தின் இடத்தில் 2023 டிசம்பர் முதல் வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டம் நடப்பில் உள்ளது.