வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் வியக்க வைக்கும் மனிதர் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

கிந்துப். இந்தக் கேள்விக்கு நான் யோசிக்காமல் சொல்லும் பெயர் இதுதான்.

டார்ஜிலிங்கில் தையல் வேலை பார்த்த சிக்கிம்காரர். எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு ஆறு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அனுப்பப்பட்டு, நடுவழியில் அடிமையாக விற்கப்பட்டு, நான்கு ஆண்டுகள் கழித்து, ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டே ஊர் திரும்பியவர்.

முதலில் அந்த ஆறு. திபெத்தின் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் சாங்போ, 7,782 மீட்டர் உயரமுள்ள நாம்சா பர்வா சிகரத்தைச் சுற்றி வளைந்து மலைகளுக்குள் மறைந்துவிடும். தெற்கே, மலைகளை விட்டு இறங்கும் திகாங் ஆறு அஸ்ஸாமில் பிரம்மபுத்திராவாகிறது. இரண்டும் ஒரே ஆறுதானா? இல்லை, சாங்போ பர்மாவுக்குப் போய் ஐராவதியாகிறது என்று வாதாடியவர்களும் உண்டு. நடுவிலிருந்த பள்ளத்தாக்கை நில அளவைக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. 2025இல் சீனா பிரம்மாண்டமான அணை வேலையைத் தொடங்கியதாகச் செய்தி படித்திருப்பீர்களே, அது இந்த வளைவில்தான்.

நம் பரங்கிமலையில் 1802இல் ஆங்கிலேய அதிகாரி லாம்டன், மற்ற அளவுகளுக்கு அடிப்படையான அடிக்கோட்டை அளந்து தொடங்கிய நில அளவை, வடக்கே இமயம் வரை போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்பால் திபெத்துக்குள் அப்போது வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாது. அதனால் மலைநாட்டு மக்களையே பழக்கி, யாத்திரிகர் வேடத்தில் அனுப்பினார்கள். 108 மணி இருக்க வேண்டிய ஜபமாலையில் 100 மணிதான் இருக்கும். நூறு எட்டு நடந்தால் ஒரு மணி தள்ள வேண்டும். பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் மந்திரச் சுருளுக்குப் பதிலாக அளவுக் குறிப்புகள். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்து இடத்தின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். இந்த ஆட்களில் நைன் சிங் ராவத்துக்கு 1877இல் லண்டனின் ராயல் ஜியாகரஃபிகல் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. முற்றிலும் தகுதியானவர். ஆனால் அவர் படித்தவர், பள்ளி ஆசிரியர், நாட்குறிப்பு எழுதியவர். கிந்துப்புக்கு அந்த வசதியெல்லாம் இல்லை.

1880இல் நில அளவைத் துறையின் கேப்டன் ஹார்மன் ஒரு சீன லாமாவைத் தலைவராகவும், முன்பே ஒருமுறை சாங்போ பக்கம் போய்வந்த கிந்துப்பை உதவியாளராகவும் அனுப்பினார். ஆற்றோடு இந்தியா வரை நடந்து வர முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மாற்று வழி: ஓரடி நீளமுள்ள 500 மரக்கட்டைகளை அடையாளமிட்டு, தேதியை முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, நாளுக்கு 50 வீதம் ஆற்றில் போட வேண்டும். கீழே திகாங் கரையில் ஆட்கள் காத்திருப்பார்கள். கட்டைகள் அங்கே மிதந்து வந்தால் இரண்டும் ஒரே ஆறு.

லாமாவோ வழியிலேயே குடியும் சூதுமாக இருந்தார். ஒரு கிராமத்தில் தங்கிய வீட்டுக்காரரின் மனைவியோடு பழக்கமாகி, நான்கு மாதம் அங்கேயே கிடந்தார். விஷயம் வெளியே வந்தபோது 25 ரூபாய் தண்டம் கட்டி மீட்டது கிந்துப். அடுத்து டோங்க்யுக் என்ற இடத்தில், இரண்டு மூன்று நாளில் வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை. கிந்துப்பை அங்கிருந்த கோட்டை அதிகாரிக்கு விற்றுவிட்டு ஓடியிருந்தார். இது 1881இல்.

அடுத்த ஆண்டு கிந்துப் தப்பினார். எந்தப் பக்கம் ஓடினார் என்று பாருங்கள். வீடு இருக்கும் திசைக்கு அல்ல, ஆறு போகும் திசைக்கு. மார்புங் என்ற மடாலயத்தை அடைந்தபோது தேடி வந்தவர்கள் பிடித்துவிட்டார்கள். தலைமை லாமாவின் காலில் விழுந்து நடந்ததைச் சொன்னார். அவர் இரக்கப்பட்டு 50 ரூபாய் கொடுத்துக் கிந்துப்பை வாங்கிக்கொண்டார். ஆக, மறுபடியும் அடிமை, எஜமானர்தான் வேறு.

நாலரை மாதம் மடத்தில் வேலை செய்தபின், புனித யாத்திரை போய்வர அனுமதி கேட்டார். கிடைத்தது. போய் 500 கட்டைகளை வெட்டி, அளவாக நறுக்கி, ஒரு குகையில் ஒளித்துவைத்தார். அப்போதே ஆற்றில் தள்ளிவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் தேதி தெரியாமல் கீழே யார் காத்திருப்பார்கள்? மடத்துக்குத் திரும்பினார். இரண்டு மாதம் கழித்து மறுபடி யாத்திரை, இந்த முறை லாசாவுக்கு. அங்கே ஒரு சிக்கிம் அதிகாரியைச் சந்தித்து, டார்ஜிலிங்குக்கு ஒரு கடிதம் எழுதச் செய்தார். 'லாமா என்னை விற்றுவிட்டு அரசாங்கப் பொருள்களோடு ஓடிவிட்டார், ஆனாலும் உத்தரவுப்படி 500 கட்டைகள் தயார், திபெத்தியப் பத்தாம் மாதம் 5ஆம் தேதி முதல் நாளுக்கு 50 போடுகிறேன்.' புகாருக்கு ஒரு வரி, மீதியெல்லாம் வேலை.

இந்த இடத்தில்தான் எனக்குக் கிந்துப் மீது தீராத மரியாதை வருகிறது. லாசாவில் அவரைக் காவல் காக்க யாரும் இல்லை. அங்கிருந்து டார்ஜிலிங்குக்கு வியாபாரிகள் நடமாடும் பாதை இருந்தது. கடிதத்தோடு அவரும் போயிருக்கலாம். அவர் மார்புங்குக்கே, தன்னை விலைக்கு வாங்கியவரிடமே திரும்பிப் போய் இன்னும் ஒன்பது மாதம் உழைத்தார். இவருடைய பக்தியைப் பார்த்து லாமாவே கடைசியில் விடுதலை கொடுத்தார். கிந்துப் நேராகக் குகைக்குப் போய், சொன்ன கணக்குப்படி பத்து நாளும் கட்டைகளை ஆற்றில் விட்டார்.

கீழே யாரும் இல்லை. கடிதம் உரிய நேரத்தில் உரியவர் கைக்குப் போகவில்லை. ஹார்மன் உடல்நலம் கெட்டு இந்தியாவை விட்டுப் போய், 1883இல் இறந்தும்விட்டார். கட்டைகள் யார் கண்ணிலும் படாமல் போயின. அது தெரியாத கிந்துப், ஆற்றோடு அஸ்ஸாமுக்கே இறங்கிவிடப் பார்த்தார். நடுவிலிருந்த அபோர் பழங்குடி மக்களின் பகுதியைத் தாண்ட முடியவில்லை. திரும்பித் திபெத்தைச் சுற்றிக்கொண்டு 1884 நவம்பரில் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார்.

இவரை 'விசுவாசமான வேலைக்காரர்' என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் யாருக்கு விசுவாசமாக இருந்தாரோ அவர்கள் யாரும் அங்கே இல்லை. அது எஜமான் பக்தி அல்ல, கொடுத்த வாக்கு.

வந்தவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். அது ஆங்கிலமாகி அறிக்கையானது. பலர் நம்பவில்லை. 1913இல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரு அதிகாரிகள் அதே பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தபோது, கிந்துப் சொன்ன ஊர்களும் வழிகளும் அப்படியே இருந்தன. ஒன்றே ஒன்று இடித்தது. பெமகோச்சுங் அருகே சாங்போ 150 அடி உயரத்திலிருந்து விழுவதாக அறிக்கையில் இருந்தது. அங்கே இருந்ததோ சுமார் 30 அடி அருவி. பெய்லி திரும்பி வந்து கிந்துப்பைத் தேடினார். டார்ஜிலிங்கில் அதே தையல் வேலையில் இருந்தார் மனிதர். கேட்டதும் விளக்கிவிட்டார்: 150 அடி அருவி ஜியாலாவில், ஒரு கிளை ஓடையில் இருப்பது. எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். எழுதப்பட்டதைப் படித்துப் பார்க்க வழியில்லாதவர், முப்பது வருடமாக அடுத்தவர் பிழையைச் சுமந்திருக்கிறார்.

பெய்லி அவருக்கு ஓய்வூதியம் கேட்டு அரசாங்கத்துக்கு எழுதினார். எத்தனை வருடம் உயிரோடு இருப்பாரோ, செலவு கூடிவிடுமோ என்று தயங்கிய அரசாங்கம் மொத்தமாக 1,000 ரூபாய் கொடுத்தது. அதற்குப் பிறகு சில மாதங்களிலேயே கிந்துப் இறந்துவிட்டார்.