டாப் ஃப்யூல் எஞ்சினில் பிளக் ஒயர்

1/25 அளவு டாப் ஃப்யூல் டிராக்ஸ்டர் (நேர்கோட்டுப் பந்தயக் கார்களில் உச்ச வகை) மாடலில் ஸ்பார்க் பிளக் ஒயர்கள் கயிறு போலத் தெரிகின்றன, ஒட்டினாலும் கழன்றுவிடுகின்றன என்று கேட்டிருந்தீர்கள்.

தடிமன்தான் முதல் சிக்கல். நிஜ ஒயர் சுமார் 8 மி.மீ. என்றால் உங்களுக்கு வேண்டியது 0.32 மி.மீ. நூல் வேண்டாம், பிசிறு தட்டும். உறை போட்ட மெல்லிய செம்புக் கம்பி வளைத்தபடி நிற்கும்.

அப்புறம், குரோம் பூச்சின் மேல் பசை பிடிக்காது. பிளக் வரும் இடத்தில் கைத் துரப்பணத்தால் சின்னத் துளை போட்டு, கம்பி நுனியை உள்ளே செருகிய பிறகு ஒரு துளி சூப்பர் க்ளூ வைத்தால் போதும். துளையிடும் வேலையை எஞ்சினைச் சட்டத்தில் பொருத்துவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நவீன டாப் ஃப்யூலில் சிலிண்டருக்கு இரண்டு பிளக், எட்டு சிலிண்டருக்கு மொத்தம் 16, இரண்டு மேக்னெட்டோ (பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் கருவி). எட்டு ஒயரோடு நிறுத்தினால் விஷயம் தெரிந்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள் (விடவே மாட்டார்கள்!).