மாடியில் ஆள் இருக்கும்போது கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: காட்பாடி காந்தி நகரில் மாடி வீடு ஒன்றை 48 லட்சத்துக்குப் பேசி, 8 லட்சம் முன்பணம் கொடுத்து கிரய ஒப்பந்தம் எழுதியுள்ளேன். காலி சுவாதீனம், அதாவது யாரும் குடியில்லாமல் வீட்டை ஒப்படைப்பதாக ஒப்பந்தத்தில் இருக்கிறது. அடுத்த வாரம் பதிவு. கடைசியாக ஒருமுறை வீட்டைப் பார்க்கப் போனோம். தேக்கு பூஜையறைக் கதவையும் போர் மோட்டாரையும் கழற்றிவிட்டார்கள். மாமரத்தையும் வெட்டிவிட்டார்கள். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். இரண்டு தலைமுறைப் பழக்கம் உள்ளவர்கள் இப்படிச் செய்யலாமா? மோசடிப் புகார் கொடுக்கலாமா? மாடியில் ஒரு குடும்பம் இருக்கிறது. 5 லட்சம் போக்கியம் என்றார்கள்; மொத்தப் பணம் கொடுத்து வாடகையில்லாமல் இருக்கிறார்கள், காலி செய்யும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். பதிவு முடிந்து ஒரு மாதத்தில் காலி செய்துவிடுவார்கள் என்கிறார் வீட்டுக்காரர்.

பதில்: கதவு, மோட்டார், மரம் மூன்றையும் ஓரமாக வையுங்கள். சொத்து மாற்றுச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி கதவும், வீட்டின் நிரந்தர உபயோகத்துக்காக வைத்த பொருளும் வீட்டோடு சேர்ந்தவை. அவற்றுக்கு ஒரு விலை போட்டு மீதித் தொகையில் கழிக்கச் சொல்லுங்கள். காவல் நிலையத்துக்குப் போனால் உங்கள் பதிவுதான் தள்ளிப்போகும்.

நீங்கள் கடைசியில் எழுதியதுதான் வழக்கு. மாடியில் இருப்பவர்.

வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். போக்கியம் பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தோடு நின்றுவிடும். பதிவாகாதது வில்லங்கத்தில் வராது. ஆனால் அதே சட்டத்தின் 3-ஆம் பிரிவு, சொத்தில் யார் குடியிருக்கிறாரோ அவருக்கு உள்ள உரிமை வாங்குபவருக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறது. நீங்களோ நேரில் போய்ப் பார்த்து, தொகையையும் கேட்டுவிட்டீர்கள். ‘எனக்குத் தெரியாது’ என்ற வாதம் உங்களுக்கு இல்லை.

என்னிடம் வந்தவர்கள் மாட்டிக்கொண்டது இங்கேதான். கிரயப் பத்திரத்தில் ‘சொத்தின் சுவாதீனம் இன்றே ஒப்படைக்கப்பட்டது’ என்ற வரி வழக்கமாக இருக்கும். மாடியில் துணி காய்ந்துகொண்டிருக்க, சார்பதிவாளர் முன்னால் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுகிறார்கள். யார் குடியிருக்கிறார் என்று சரிபார்ப்பது சார்பதிவாளர் வேலை அல்ல. பதிவான பத்திரம் சுவாதீனம் கொடுத்தாயிற்று என்று சொல்லும்போது, ‘ஒரு மாதத்தில் காலி’ என்று வாயால் சொன்னது நிற்காது. பணம் முழுதும் கைக்கு வந்துவிட்டதால் விற்றவருக்கும் அவசரம் இல்லை. போக்கியக்காரர் உங்களிடம் வந்து, “என் அஞ்சு லட்சத்தைக் கொடுங்க, நாளைக்கே போறேன்” என்பார். அவர் கேட்பது அவர் பணம். அவர் மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

பத்திரம் பதிவாகாததால் அடமானம் செல்லாது என்று யாராவது தைரியம் சொல்வார்கள். செல்லாமல் போகலாம், அதனால் ஆள் தானாக வெளியேறிவிட மாட்டார். பூட்டுப் போட்டாலோ, மின்சாரத்தைத் துண்டித்தாலோ வழக்கு உங்கள் மேல் திரும்பும். சட்டப்படி அல்லாமல் வெளியேற்றப்பட்டவர் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெற, குறிப்பிட்ட பரிகாரச் சட்டம் (Specific Relief Act) 6-ஆம் பிரிவு வழி கொடுக்கிறது. பிறகு நீதிமன்றத்துக்கு வாய்தா வாய்தாவாக நடக்க வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளியூர் நோயாளிகளுக்கு அறை விட்ட வீடுகளிலும் ஆள் இருப்பதைப் பார்க்கிறோம். அவர்கள் சிகிச்சை முடிந்ததும் போய்விடுவார்கள். போக்கியக் குடும்பம் பணம் கைக்கு வராமல் அசையாது.

சமாதானமாக முடியுங்கள். 5 லட்சத்தைக் கிரயத் தொகையில் நிறுத்தி, பதிவன்று போக்கியக்காரர் பெயருக்கே வங்கி வரைவோலையாகக் கொடுங்கள். அன்று காலை மாடி காலியாகி இருக்க வேண்டும். அசல் போக்கியப் பத்திரம், பணம் பெற்ற ரசீது, சாவி மூன்றும் கைக்கு வந்த பிறகே கையெழுத்து. கிரயப் பத்திரத்திலும் இந்தத் தொகை யாருக்கு, எதற்காகப் போனது என்று எழுதச் சொல்லுங்கள். வங்கிக் கடனில் வாங்குகிறீர்கள் என்றால், காசோலை முழுதும் விற்பவர் பெயரில் போய்விடாதபடி வங்கியில் இன்றே பேசுங்கள். அதற்கு முன், எவ்வளவு, எப்போது கொடுத்தார், வேறு பாத்தியதை ஏதும் உண்டா என்று அந்தக் குடும்பத்திடம் எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்காரர் 5 என்று சொல்லி அங்கே 7 ஆக இருந்த வீடுகள் உண்டு.

விற்பவர் இதற்கு ஒப்பாவிட்டால், கோபத்தில் பதிவுக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். கெடு தாண்டினால் நீங்கள்தான் தவறினீர்கள் என்று முன்பணத்தைப் பறிக்கப் பார்ப்பார். பணம் தயார், ஒப்பந்தப்படி காலி சுவாதீனம் கொடுத்தால் இன்றே பதிவு செய்யத் தயார் என்று கெடுவுக்கு முன்பே வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்புங்கள். வங்கி இருப்புக்கு ஆதாரமும் எடுத்து வையுங்கள். பின்னால் கிரயத்தை நிறைவேற்றக் கேட்டு வழக்குப் போட்டால், நீங்கள் ஆயத்தமாக இருந்தீர்களா என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். அவகாசம் கேட்டால் கொடுங்கள், ஆனால் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் தேதி போட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.