பெந்தோங்கில் பங்குனி

"வந்து ஆறு மாதமாகிறது அக்கா, தினமும் ஒரே வெயில், ஒரே மழை. ஊரில் வேப்பம்பூ உதிர்ந்தால் சித்திரை நெருங்குகிறது என்று தெரியும். இங்கே வசந்தம் வந்ததை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

நான் 1994இல் புதுக்கோட்டையிலிருந்து மலேசியாவில் இந்தப் பெந்தோங்குக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அந்த முதல் தைப்பூசம் கழிந்த சில நாளில், லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த பால் மரமெல்லாம், ரப்பர் மரத்தை அப்படித்தான் சொல்வோம், சிவந்து பழுத்துக் கொட்டத் தொடங்கியது. மரம் பட்டுப்போகிறது, வீட்டுக்காரருக்கு இனி பால் வெட்டும் வேலை இல்லை என்று அழுதேன். மாமியார் சிரித்தார். "வருஷா வருஷம் இப்படித்தான். பால் குறையும், பிறகு ஏறும்" என்றார். நிழலும் கொசுவுமாகக் கிடந்த தரையில் பளீரென்று வெயில் விழுந்தது. மூன்றாம் வாரம் கொழுந்து வந்தது. பச்சை இல்லை, புளி போட்டுத் தேய்த்த செப்புக் குடத்தின் நிறம். வெந்த கீரைபோலத் துவண்டு தொங்கும். கூடவே மஞ்சள் பொடிப்பூ, லேசான மணத்தோடு. எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் போய் இதைத் தேடாதீர்கள், அதற்கு எல்லா மாதமும் ஒன்றுதான்.

இன்னொரு அடையாளம் டவுன் மின்கம்பியில் இருக்கிறது. தகைவிலான் குருவி, எங்கள் பக்கம் தலையில்லாக் குருவி என்போம். வடக்கே குளிர் தொடங்கும்போது வந்து இறங்கும். அக்டோபரில் பார்த்தால் தொண்டை வெளிறி, வால் குட்டையாக, பார்க்கவே பாவமாக இருக்கும். மார்ச்சில் தொண்டை செங்காவி, முதுகு நீலக்கருப்பு, வாலில் இரண்டு நீளக் கம்பிகள். இறகு புதிதாகிவிட்டால் பயணத்துக்குத் தயார் என்று பொருள். சீனா, ஜப்பான், சைபீரியா வரை போகின்றன. அங்கே மரங்கள் இலை விட்டுத் தரையை மூடுமுன் கிடைக்கும் கொஞ்ச நாள் வெயிலில் காட்டுச் சிறுபூக்கள் அவசர அவசரமாகப் பூத்து முடிக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் குருவி வந்தால் வசந்தம். நமக்கு அது கிளம்பினால்.

விடுப்புக் கிடைத்தால் மார்ச்சில் போர்ட்டிக்சன் பக்கம் தஞ்சோங் துவான் கடல்முனைக்கும் போங்கள். சுமத்ராவிலிருந்து தேன்பருந்துகள் கடல் தாண்டி வரும். நிலத்தின்மேல் எழும் வெப்பக்காற்று கடலில் இல்லாததால் இறக்கையடித்தே களைத்து, தலைக்கு மேலேயே தாழப் பறக்கும். பதினொரு மணிக்கு மேல் போனால் போதும்.

அதற்கு முன் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வாருங்கள், கொழுந்து விட்ட மரங்களைக் காட்டுகிறேன். மாலை ஏழு மணிக்கு டவுனுக்கு நடந்தால் கம்பியில் இடம் பிடிக்கக் குருவிகள் போடும் சண்டையைப் பார்க்கலாம். காரில் வந்தால் மட்டும் கம்பிக்குக் கீழே நிறுத்திவிடாதீர்கள்.