உதயகிரியில் பதுங்குகுழிகள் இல்லை

மதிப்பிற்குரிய ஐயா,

சென்ற கோடையில் பிரான்சில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வோஜ் மலைக்காட்டில் லீங் என்னும் இடத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். முதல் உலகப் போரின் பதுங்குகுழிகள் நூறாண்டு கடந்தும் அங்கே அப்படியே இருக்கின்றன. ஏழு வயதுப் பேரன்கூடச் சிணுங்காமல் மரநிழலில் நடந்து அவற்றைப் பார்த்தான். டிசம்பர் விடுமுறைக்கு அவர்கள் ஊருக்கு வருகிறார்கள். குளச்சல் போரின் வெற்றித் தூணைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைத் தவிர, காட்டு வழியே நடந்துபோய்ப் பார்க்கும்படி நம் குமரி மாவட்டத்தில் என்ன இருக்கிறது? இருந்த பதுங்குகுழிகளை எல்லாம் நாம்தான் தூர்த்துவிட்டோமா?

ஒரு வாசகர், தக்கலை

அன்புள்ள நண்பருக்கு,

தூர்க்கவில்லை, இங்கே அவை வெட்டப்படவே இல்லை. லீங்கில் 1915 ஜூலை முதல் அக்டோபர் வரை சண்டை நடந்தது. இயந்திரத் துப்பாக்கியும் வெடித்துச் சிதறும் குண்டும் வந்துவிட்ட பிறகு தரைக்கு மேல் நிற்பவன் பிழைக்க முடியாது என்பதால்தான் படைகள் மண்ணுக்குள் இறங்கின. மேட்டைப் பிடித்திருந்த ஜெர்மானியர் மணற்பாறையை வெட்டி, கல் அடுக்கிக் கட்டியதால் அவர்களுடைய குழிகள் இன்றும் நிலைத்திருக்கின்றன. நம் மாவட்டத்துப் போர்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முந்தியவை. அன்று பீரங்கி எறிந்தது பெரும்பாலும் கெட்டி இரும்புக் குண்டு. அதைத் தாங்கக் கனமான மதில் போதும். ஆகவே நீங்கள் குழியைத் தேடாமல் மதிலைத் தேடவேண்டும். அது உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே, புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது.

உதயகிரிக் கோட்டையைத் தக்கலைக்காரர்கள் பேருந்து ஜன்னல் வழியாகவே பார்த்துப் பழகியவர்கள். உள்ளே போனவர்களும் பெரும்பாலும் டிலனாய் என்ற தளபதியின் கல்லறையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இப்போது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கும் அந்தக் கோட்டை, ஏறத்தாழ 90 ஏக்கர் பரப்பில், நடுவில் ஒரு குன்றை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றிக் கருங்கல் மதிலாக ஓடுகிறது. குன்றின் மேல் ஏற வேண்டியதில்லை. மரங்களுக்கிடையே போகும் பாதையில், மதிலைக் கண்ணில் வைத்துக்கொண்டு நடந்தால் ஒரு காலைப்பொழுது போதும். பேரனுக்கும் மூச்சு வாங்காது. கல்லிடுக்கில் மரவேர் புகுந்து மதிலை நெம்பியிருக்கும் இடங்களில் மட்டும் அவன் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளச்சலில் 1741 ஆகஸ்டில் சரணடைந்த டச்சுப் படையில் இருந்தவர் டிலனாய். தன்னைத் தோற்கடித்த திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவிடமே வேலைக்குச் சேர்ந்து, அவருடைய படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்துத் தளபதியானார். அன்றைய தலைநகரான பத்மநாபபுரத்துக்குக் காவலாக இருந்த இந்தப் பழைய கோட்டை அவர் மேற்பார்வையில்தான் புதுப்பிக்கப்பட்டது. பீரங்கி வார்க்கும் பட்டறை இதற்குள் இருந்தது. பின்னாளில் திப்புவின் வீரர்களைச் சிறைவைத்ததும் இங்கேதான். கூரை போய்விட்ட தேவாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். 1777 ஜூனில் இறந்தவர், ஏறத்தாழ 37 ஆண்டு அரசருக்கு ஊழியம் செய்தார் என்று அது சொல்கிறது. பிரான்சில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. குனிந்து, விரலை எழுத்தின் மேல் ஓட்டிப் படிக்கட்டும்.

லீங்கில் உடல்கள் கிடைத்த இடங்களில் பிரெஞ்சுக்காரருக்கு வெள்ளைச் சிலுவையும் ஜெர்மானியருக்குக் கறுப்புச் சிலுவையும் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உதயகிரியில் அப்படி எதுவும் இல்லாததற்கு நம் அலட்சியம் காரணமல்ல. திருவிதாங்கூர் திவான் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க 1809இல் கிழக்கிலிருந்து வந்த ஆங்கிலப் படை, பிப்ரவரி 10ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் கணவாயின் மதில் வரிசையைப் பிடித்துவிட்டது. மதிலை நேருக்கு நேர் தாக்காமல், தென்புறத்துக் குன்றில் இருட்டில் ஒரு பிரிவை ஏற்றிவிட்டு மேலிருந்து இறங்கியதுதான் அவர்கள் தந்திரம். அது விழுந்தபின் உதயகிரியும் பத்மநாபபுரமும் சில நாட்களிலேயே சண்டையின்றிக் கைமாறின. இவ்வளவு கனமான மதிலைக் கட்டியும் அதன்மேல் நின்று சண்டையிட வாய்க்கவில்லை என்பதைப் பெரிய பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப்பாருங்கள்; ஏன் என்று கேட்பார்கள், அப்போது ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிப்போகலாம். நெடுஞ்சாலையும் ரயில்பாதையும் கணவாயை ஊடுருவிப் போவதால் அங்கே மதில் துண்டுதுண்டாகத்தான் தென்படும். குடும்பத்தோடு நடப்பதற்கு ஏற்ற இடம் அல்ல, காரில் போய்க் கணவாயின் அமைப்பைப் பார்த்துவிட்டு வரலாம். குன்றுகள் இரண்டு பக்கமும் எப்படி நெருங்குகின்றன என்று பார்த்தாலே ஏன் அந்த இடத்தில் மதில் என்பது விளங்கிவிடும்.

டிசம்பரிலும் வடகிழக்குப் பருவமழை மிச்சமிருக்கும், பாறை வழுக்கும். செருப்புக்குப் பதில் ஷூ போட்டுவிடுங்கள், புதருக்குள் கால்வைக்க விடாதீர்கள். உதயகிரியைக் காலையில் முடித்துவிட்டு, அந்த மதில் எதைக் காத்தது என்று காட்டப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை என்பதால் வேறு நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.