காற்று, ஓடை, மதகு: இயற்கைப் பாய்மங்கள் குறித்துச் சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கணித இளநிலை மாணவி, அம்மாபேட்டை: ஐயா, ஆறு, காற்று, கடல் ஆகியவற்றின் ஓட்டத்தை ஆராய விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பாய்மங்களின், அதாவது திரவ, வாயுக்களின், ஓட்டத்தை விவரிக்கும் நவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகளில் எந்த உறுப்பைத் துணிந்து விட்டுவிடலாம் என்று கற்பதிலிருந்து தொடங்குங்கள். சேலம் ஏறத்தாழ 11.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே பூமியின் சுழற்சி ஓர் ஓட்டத்தைக் குறிப்பிடத்தக்க அளவு திசைதிருப்ப ஒன்பது மணி நேரம் போன்ற கால அளவு வேண்டும். ஓடைநீர் ஒரு பாறையைச் சுற்றிக் கடக்கச் சில நொடிகளே ஆகும் என்பதால் அங்கே சுழற்சியால் எழும் இந்தத் திசைதிருப்பும் விசையை, அதாவது கொரியாலிஸ் விசையை, கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. வங்கக் கடலில் நாள்கணக்கில் சுழலும் புயலுக்கோ அதை விட்டுவிட்டால் கணக்கே நிற்காது. நீளம், வேகம், நேரம் ஆகியவற்றைத் தாளில் எழுதி விகிதம் பார்க்கும் பழக்கம் வந்த பிறகு கணினிப் பக்கம் போகலாம். இன்று பலர் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பது என் வருத்தம்.

காபித் தோட்டக்காரர், ஏற்காடு: மலை ஏற ஏறக் குளிர் கூடும் என்பார்கள். எங்கள் தோட்டத்தில் மார்கழி விடியற்காலையில் மேட்டைவிடப் பள்ளத்தில்தான் குளிர் அதிகம். ஏன்?

மேலே எழும் உலர்ந்த காற்று ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ 9.8 பாகை செல்சியஸ் குளிரும் என்பது சரியே. அது காற்று மேலெழுந்து கலக்கும்போது பொருந்தும் விதி. மேகமற்ற, காற்றடங்கிய இரவில் நடப்பது வேறு. நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, தன்னை ஒட்டியுள்ள காற்றையும் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடி, சரிவில் மெதுவாக வழிந்திறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஈரம் போதுமான அளவு இருந்தால் தேங்கிய இடத்தில் மூடுபனி உண்டாகும்.

இதை நீங்களே பார்க்கலாம். பொழுது சாய்ந்து ஒரு மணி நேரம் கழித்து, சரிவில் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் ஓர் ஊதுபத்தியைப் பிடித்து, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். புகை சற்றே எழுந்து, பின் பள்ளத்தை நோக்கிச் சாயும். தலைக்கு மேல் உயர்த்தினால் சாய்வு பெரும்பாலும் குறையும். சரிவுக்குக் குறுக்கே அடர்ந்த வேலியோ மதில்சுவரோ இருந்தால், அதன் மேற்பக்கத்தில் குளிர்காற்று அணைநீராய்த் தேங்கும். இளஞ்செடிகள் அங்கே இருந்தால் வேலியின் தாழ்ந்த முனையில் ஒரு திறப்பு விடுங்கள். சில்வர் ஓக் போன்ற நிழல் மரங்கள் நிலத்தின் வெப்ப இழப்பைக் குறைக்கும் என்பதால், பள்ளத்தில் அவற்றை அதிகம் கவாத்து செய்யாதிருப்பதும் நல்லது.

வணிகர், செவ்வாய்ப்பேட்டை: சேலத்தில் குளிர்காலக் காலையில் புகை கலையாமல் நிற்பதற்கும் இதுதான் காரணமா?

ஆம். நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என மலைகள் சூழ்ந்த தாழ்நிலத்தில் குளிர்காற்று அடியிலும் வெப்பமான காற்று மேலேயும் அமைந்துவிடுவதால், புகை மேலெழ வழியில்லை. வெயில் ஏறித் தரை சுட்ட பிறகே கலையும்.

டிப்ளமோ மாணவர், மேட்டூர்: மதகிலிருந்து சீறி வரும் நீர் சற்றுத் தள்ளித் திடீரென உயர்ந்து நுரைப்பது எதனால்?

அது நீர்த்தாவல். ஆழமற்ற நீரில் அலையின் வேகம், ஆழத்தையும் புவியீர்ப்பு முடுக்கத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர். நீர் அதைவிட விரைந்து ஓடும்போது, கீழ்ப்புறத்துத் தடையின் செய்தி அலையாக மேலேறி வர முடிவதில்லை. ஆகவே ஓரிடத்தில் நீர் சட்டென வேகம் குறைந்து, ஆழம் கூடி, மிகுந்த ஆற்றலைச் சுழல்களில் இழக்கிறது. அணையடியில் பொறியாளர்கள் இதை வேண்டுமென்றே உருவாக்குவார்கள். இல்லையேல் அந்த ஆற்றல் ஆற்றுப்படுகையை அரித்துவிடும்.

அம்மாபேட்டை மாணவி மீண்டும்: மேற்படிப்புக்கு எந்தத் தேர்வு, ஐயா?

முதுநிலைப் படிப்புகளுக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வில் பொறியியல் அறிவியல் தாளை எடுத்தால், பாய்ம இயக்கவியலும் வளிமண்டலக் கடல் அறிவியலும் பிரிவுகளாக உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதற்கெனவே ஒரு மையம் இயங்குகிறது.

பள்ளி ஆசிரியர், கருப்பூர்: கருவி ஏதுமின்றி, மாணவர்களைக் கொண்டு ஓடையின் நீரளவை அளக்க முடியுமா?

ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். பெரும்பகுதி மூழ்கியே மிதப்பதால் காற்று அதை அதிகம் தள்ளாது. நேராக ஓடும் பத்து மீட்டரைக் குறித்து, பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். பலமுறை செய்து சராசரி எடுங்கள். 20 நொடி ஆனால், மேற்பரப்பு வேகம் நொடிக்கு 0.5 மீட்டர். அடிப்பகுதி நீர் மெதுவாக ஓடுவதால் இதைக் குறைக்க வேண்டும்: சீரான வாய்க்காலுக்கு 0.85 கொண்டு பெருக்குவது வழக்கம், கல் நிறைந்த ஆழமற்ற மலையோடைக்கு 0.7 எனக் கொள்ளலாம். அத்தகைய மலையோடையின் அகலம் 2 மீட்டர், சராசரி ஆழம் 0.3 மீட்டர் எனில், நொடிக்கு ஏறத்தாழ 210 லிட்டர். ஆழத்தை ஒரே இடத்தில் பார்த்து முடித்துவிடாமல், குறுக்கே ஐந்தாறு இடங்களில் அளக்கச் செய்யுங்கள்; பிழை பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. மலையுச்சியில் மேகம் திரண்டிருந்தால், கருப்பூரில் வெயில் அடித்தாலும் பிள்ளைகளை ஓடையில் இறக்க வேண்டாம்.